பருவமழை முன்கணிப்புக்கு நோவாவா, நோவா-எம்.பி.யா?

தென்மேற்குப் பருவமழையை டபிள்யூ.ஆர்.எஃப். (WRF) என்ற கணினி வானிலை மாதிரியில் கணிக்க முற்படுபவர்கள், மண்ணுக்கும் காற்றுக்கும் இடையிலான வெப்ப, நீர்ப் பரிமாற்றத்தைக் கணக்கிடும் பகுதியான தரைப்பரப்புத் திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் நிதானிக்க வேண்டும். பழைய ஐந்தடுக்குத் திட்டத்தில் எவ்வளவு மழை பெய்தாலும் மண்ணின் ஈரம் மாறுவதில்லை. ஆகவே அதை விட்டுவிடலாம். எஞ்சும் முக்கியத் தேர்வுகள் நோவா (Noah) திட்டமும் அதன் விரிவான வடிவமான நோவா-எம்.பி.யும் (Noah-MP). மூன்று நாள் வரையிலான முன்கணிப்புக்கு நான் நோவாவையே பயன்படுத்துகிறேன்.

இயற்பியல் நுணுக்கத்தில் நோவா-எம்.பி. முந்தியது என்பதில் ஐயமில்லை. தாவரங்களுக்கும் தரைக்கும் தனித்தனி வெப்பநிலை, நிலத்தடி நீரைக் கணக்கில் சேர்க்கும் வசதி, தானாக வளரும் இலைப்பரப்பு ஆகியவை அதில் உண்டு.

எனினும் முடிவைத் தீர்மானிப்பது தொடக்க மண் ஈரம்தான். 2004இல் பன்னிரண்டு உலக மாதிரிகளை ஒப்பிட்ட ஆய்வு, கோடை மழை மண் ஈரத்தை வலுவாகச் சார்ந்திருக்கும் பகுதிகளில் ஒன்றாக இந்தியாவைக் காட்டியது. நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் நீர் ஆவியாகச் சதுர மீட்டருக்குச் சுமார் 28 வாட் ஆற்றல் செலவாகிறது. மண் காய்ந்திருந்தால் அதே ஆற்றல் காற்றைச் சூடாக்கி, தரையை ஒட்டிய காற்றடுக்கான எல்லைப் படலத்தை உயர்த்தி, பிற்பகல் இடிமழை எங்கே, எப்போது எழும் என்பதையே மாற்றிவிடுகிறது.

நோவாவின் நான்கு மண்ணடுக்குகள் 10, 30, 60, 100 செ.மீ. தடிமன் கொண்டவை. முன்கணிப்பைத் தொடங்கப் பயன்படும், அமெரிக்க உலக வானிலை மாதிரியான ஜி.எஃப்.எஸ்.ஸின் (GFS) பகுப்பாய்வுத் தரவும் இதே அடுக்குகளில்தான் வருகிறது. அந்த உலக மாதிரியே 2005 முதல் பல ஆண்டுகள் நோவாவைக் கொண்டு இயங்கியது. எனவே அதன் ஈர மதிப்புகள் நோவாவில் ஏறத்தாழ அதே பொருளோடு அமர்கின்றன. ஐரோப்பிய வானிலை மையத்தின் ஈ.ஆர்.ஏ.5 (ERA5) தரவில் அடுக்குகள் 7, 21, 72, 189 செ.மீ. என்பதால், அவற்றை நோவாவின் அடுக்குகளுக்கு இடைக்கணிக்க வேண்டும்; அதற்குப் பிறகும் இரு மாதிரிகளின் மண்வகை வேறுபாடு எஞ்சி நிற்கும். ஒரு மாதிரியில் போதிய ஈரமாக இருக்கும் அளவு இன்னொன்றில் செடி வாடும் நிலையாக இருக்கக்கூடும்.

நோவா-எம்.பி.க்கும் அதே நான்கு அடுக்குகள்தான். ஆனால் நிலத்தடி நீர் வசதியை இயக்கினால் நீர்மட்டம் சமநிலைக்கு வர, மழை, கதிர்வீச்சு, காற்று ஆகிய தரவுகளை ஊட்டி, தரை மாதிரியை மட்டும் தனியே பல ஆண்டுகளுக்கு ஓட்ட வேண்டும். வறண்ட பகுதிகளில் இன்னும் நீண்ட காலம் தேவைப்படும். நிலப்பயன்பாட்டு வரைபடத்தையோ மண்வகைத் தரவையோ மாற்றினால் அத்தனையும் மறுபடியும் செய்யவேண்டியிருக்கும். மூன்று நாள் முன்கணிப்பில் இந்த உழைப்புக்கு ஈடான பலனை நான் காணவில்லை. பருவம் முழுவதற்குமான ஓட்டங்களில் என் அனுபவம் குறைவு. அங்கே ஆழ்மண் ஈரத்துக்குக் காலம் கிடைப்பதால் கணக்கு மாறலாம்.

பஞ்சாப், ஹரியானா சமவெளிகளை மட்டும் தனியே எண்ணிப் பார்க்க வேண்டும். ஜூன் மாதத்தில் நடவுக்காக வயல்களில் நீர் தேங்கி நிற்கும்போது, இயல்பு அமைப்பில் பாசனத்தை அறியாத நோவாவோ அதே நிலத்தைக் காய்ந்து சுடும் தரையாகக் கணக்கிடுகிறது. டபிள்யூ.ஆர்.எஃப்.பின் அண்மைப் பதிப்புகளில் உள்ள நோவா-எம்.பி.க்கு வெள்ளப் பாசனம் உள்ளிட்ட பாசன வசதிகள் சேர்க்கப்பட்டுள்ளன. அப்பகுதிக்கான கணிப்புதான் நோக்கமென்றால், தனி ஓட்டத்தின் சுமையை ஏற்றுக்கொண்டு நோவா-எம்.பி.யைத் தேர்வதே சரி.