கிலோ 450 ரூபாய்க்கு லைவ் ராக் என்று யாராவது சொன்னால் பணம் அனுப்பாதீர்கள்

கிருஷ்ணகிரியில் இருந்து எழுதுகிறேன். கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர்களும் வைக்க ஆசைப்படுபவர்களும், முக்கியமாக நம் கிருஷ்ணகிரி, தருமபுரி, ஓசூர் பக்கம் இருப்பவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். போன மே மாதம் 18 கிலோ "லைவ் ராக்" வாங்கினேன். கல்லுக்கு 8,100, பார்சலுக்கு 900, ஆக மொத்தம் 9,000 ரூபாய். பணம் மட்டும் போயிருந்தால் மனதைத் தேற்றிக்கொண்டு விட்டிருப்பேன். ஒன்றரை வருடம் வளர்த்த மீன் ஒரே ராத்திரியில் செத்தது. அதற்கும் மேலே, ஏழு வருடம் வரை சிறைக்கு அனுப்பக்கூடிய பொருளை என் வீட்டுக் கூடத்தில் வைத்திருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

புதியவர்களுக்காக ஒரு வார்த்தை. லைவ் ராக் என்பது உயிருள்ள கல் அல்ல. பவளப்பாறையில் இருந்து உடைந்து விழுந்த சுண்ணாம்புத் துண்டு, அவ்வளவுதான். ஆனால் அதன் உடம்பெல்லாம் நுண்துளை. அந்தத் துளைகளில் கோடிக்கணக்கான பாக்டீரியா குடியிருக்கும். மீன் கழிவில் இருந்து வரும் அமோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். கல்லின் உள்ளே, ஆக்சிஜன் எட்டாத இடத்தில், வேறொரு கூட்டம் நைட்ரேட்டை வாயுவாக்கி வெளியே அனுப்பும். கடல்நீர்த் தொட்டிக்கு உண்மையான ஃபில்டர் இந்தக் கல்தான். அதனால்தான் எல்லோரும் இதைத் தேடுகிறோம், அதனால்தான் இதில் ஏமாற்றவும் ஆள் இருக்கிறது.

என்னிடம் 60 லிட்டர் சின்னத் தொட்டி ஒன்று ஒன்றரை வருடமாக நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அதில் இரண்டு க்ளவுன் மீன்கள். என் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூட இறக்காமல் முதலில் தொட்டியிடம்தான் போய் நிற்பாள். அவளுக்காகவே மூன்றடித் தொட்டி செய்தேன், கிட்டத்தட்ட 190 லிட்டர். உப்பு பெங்களூரில் இருந்து, தண்ணீர் வீட்டு ஆர்ஓவில் இருந்து. நம் பக்கத்துப் போர் தண்ணீரில் ஃபுளோரைடும் உப்பும் எவ்வளவு என்பது ஊர் அறிந்ததுதானே, அதை நேராகத் தொட்டியில் ஊற்ற முடியாது. எல்லாம் தயார். கல் மட்டும் பாக்கி.

ஒரு வாட்ஸாப் குழுவில் கல் விற்கும் ஒரு ஆள் போட்ட படங்கள் வந்தன. ஊதாவும் இளஞ்சிவப்புமாகப் படர்ந்த கற்கள், பார்த்தாலே ஆசை வரும். "ராமேஸ்வரம் பக்கத்துச் சரக்கு சார், முழுசா க்யூர் பண்ணினது, அன்னைக்கே மீன் விடலாம்" என்றார். க்யூர் என்றால், கல்லில் செத்ததெல்லாம் அழுகிப் போய்ச் சுத்தமாகும் வரை தண்ணீரில் போட்டு வைப்பது. மற்ற இடங்களில் விசாரித்தபோது செயற்கைக் கல்லுக்கே அதைவிட அதிக விலை சொல்லியிருந்தார்கள். அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பில் கேட்டேன், "இதுக்கெல்லாம் பில் கிடையாது சார், பார்சல்லயும் அலங்காரக் கல்லுன்னுதான் எழுதுவோம்" என்றார். அதையும் வரி மிச்சம் பிடிக்கிறார் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

அப்பா மட்டும் கேட்டார்: "சுத்திலும் கல் குவாரி. நம்ம ஊர்க் கல்லு கப்பல் ஏறிப் போவுது. நீ காசு குடுத்து வெளியில இருந்து கல்லு வாங்கறியாப்பா?" கருங்கல்லில் துளை இல்லை, பாக்டீரியாவுக்கு அதில் இடம் இல்லை என்று அவருக்கு விளக்கினேன். நான் சொன்னது சரிதான். ஆனால் அவர் கேட்டதில் இருந்த எச்சரிக்கை எனக்கு அப்போது காதில் விழவில்லை.

மூன்றாவது நாள் பார்சல் வந்தது. மே மாத வெயில். நல்ல லைவ் ராக் என்றால் கடல்நீரில் நனைத்த செய்தித்தாளில் சுற்றி, தெர்மாகோல் பெட்டியில் அடைத்து, கூடிய சீக்கிரம் வந்து சேர வேண்டும். இது வந்தது சணல் சாக்கில். சாக்கின் அடிப்பக்கம் ஈரம், மேலே காய்ந்து போயிருந்தது. அழுகிய முட்டை நாற்றம் வாசல் வரை அடித்தது. அந்த ஆளுக்கு போன் போட்டேன். "கடல் கல்லுன்னா கடல் வாசனை இருக்கத்தான் சார் செய்யும்" என்றார். நண்பர்களே, நல்ல நிலையில் இருக்கும் கல்லில் மழை பெய்து ஓய்ந்த கடற்கரை வாசம்தான் வரும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் கல்லில் இருந்த கடற்பஞ்சு, புழு, சிப்பி எல்லாம் செத்து அழுகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த நாற்றம் உங்கள் மூக்கில் ஏறினால் ஒரு துண்டைக்கூடத் தொட்டியில் போடாதீர்கள்.

நான் போட்டேன். கழுவி, அடுக்கி, அழகு பார்த்து, சாயங்காலம் இரண்டு மீன்களையும் அதில் மாற்றினேன். க்யூர் ஆன கல் என்ற அவருடைய ஒரே வார்த்தையை நம்பி.

இரவு பத்து மணிக்கு என் மனைவி கூப்பிட்டாள். "ஏங்க, தண்ணி ஏன் ரோஸா இருக்கு?" ஓடிப் போய்ப் பார்த்தால், கல்லில் இருந்து சாயம் இறங்கிக்கொண்டிருந்தது. மீன்கள் இரண்டும் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. டெஸ்ட் கிட்டை எடுத்துப் பார்த்தேன். அமோனியா 4 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் நான்கு பங்கு. பிஹெச் (தண்ணீரின் அமில, கார அளவு) 8.9. கடல்நீர்த் தொட்டியில் பிஹெச் 8.1 முதல் 8.4 வரை இருக்கலாம், 8.9 வர வழியே இல்லை.

அது ஏன் என்று மறுநாள் ஒரு கல்லைச் சுத்தியலால் உடைத்தபோது புரிந்தது. உள்ளே சாம்பல் நிறம், ஆற்று மணல், பொடி ஜல்லி. சிமெண்ட். சரியாகப் பதப்படுத்தாத சிமெண்டைத் தண்ணீரில் போட்டால் சுண்ணாம்பு கரைந்து பிஹெச் ஏறும். பிஹெச் ஏறினால் அமோனியாவின் விஷம் பல மடங்காகும். தண்ணீரில் இருக்கும் அமோனியா முழுவதும் மீனைக் கொல்வதில்லை, அதில் ஒரு பங்குதான் விஷ வடிவில் இருக்கும். 8.2 இல் இருந்து 8.9க்குப் போனால் அந்தப் பங்கு மூன்று மடங்குக்கும் மேல் ஆகிவிடும். அதாவது, அழுகிய கல் அமோனியாவைக் கொடுத்தது, சிமெண்ட் கல் அதை விஷமாக்கியது. இரண்டும் ஒரே சாக்கில் வந்தவை.

அந்த ராத்திரியை மறக்க முடியாது. கலந்து வைத்த கடல்நீர் வீட்டில் 40 லிட்டர்தான் இருந்தது. அதை மாற்றிவிட்டு, மீன்களைப் பிடித்துப் பழைய தொட்டியில் விட்டோம். பெரிய மீன் விடிவதற்குள் போய்விட்டது. சின்னது பிழைத்தது. மகள் எழுந்து வந்து பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை. அன்றைக்குப் பள்ளிக்கூடம் போகவில்லை.

கற்களை எல்லாம் மொட்டை மாடியில் கொட்டிப் பிரித்தேன். 18 கிலோ என்று காசு வாங்கியது வந்த அன்று வீட்டுத் தராசில் 16 தான் இருந்தது, நாலு நாள் வெயிலில் காய்ந்தபின் 12. சேறுக்கும் தண்ணீருக்கும் கிலோ 450. பாதிக்கு மேல் சாயம் பூசிய சிமெண்ட். மீதி ஏழெட்டுத் துண்டுகள் நிஜமான பவளம். அதில் ஒன்றில் மூளை மடிப்பு போன்ற கோடுகள் தெளிவாக இருந்தன, உடைந்த பக்கம் புது வெள்ளையாக இருந்தது. கடலுக்குள் இருந்து கடப்பாறை போட்டுப் பெயர்த்தது. அதைப் பார்த்தபோது மீன் செத்ததைவிட வேறு மாதிரி வலித்தது.

வழக்கறிஞராக இருக்கும் நண்பரிடம், பணத்தைத் திரும்ப வாங்க வழி கேட்கத்தான் போனேன். அவர் அந்தத் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, முதலில் கதவைச் சாத்தினார். 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பாறை கட்டும் பவளங்கள் எல்லாம் 2001இல் இருந்து முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணை. எடுப்பது, விற்பது, வாங்குவது எல்லாமே குற்றம். 3 முதல் 7 வருடம் வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். செத்த பவளம்தானே என்று சொல்லியும் தப்ப முடியாது. வெளிநாட்டில் இருந்து வந்தது என்றால் சைட்ஸ் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) அனுமதிக் காகிதம் இருக்க வேண்டும். கிலோ 450க்கு சாக்கில் கட்டி விற்பவரிடம் அந்தக் காகிதம் இருக்காது.

இப்போது அந்த ஆள் ஏன் பில் கொடுக்கவில்லை என்று புரிகிறதா? அவருடைய வியாபாரமே இதில்தான் நிற்கிறது. சாதாரணமாக இப்படி ஏமாந்தால் சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு போன் செய்யலாம், நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது, 2019 சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்கும் போடலாம். ஆனால் இதில் புகார் எழுத உட்கார்ந்தால், "பவளக் கல் வாங்கினேன்" என்றுதான் முதல் வரியை எழுத வேண்டும். வாங்கியவன் வாயைத் திறக்க மாட்டான் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். சாக்கில் சிமெண்டையும் அழுகலையும் தைரியமாகப் போட்டு அனுப்ப முடிவது அதனால்தான். சாயம் போன கற்களின் படங்களை நான் அனுப்பியதைப் பார்த்தவுடன் என் எண்ணைத் தடுத்துவிட்டார்.

நண்பர் சொன்னபடி, அவரையே துணைக்கு அழைத்துக்கொண்டு, நடந்ததை எழுதி, பவளத் துண்டுகளை வனத்துறையிடம் ஒப்படைத்தேன். பணம் அனுப்பிய விவரமும் பேச்சுப் பதிவும் அவர்களிடம் கொடுத்திருக்கிறேன். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அதைக் குப்பையில் வீச மனம் வரவில்லை.

நாம் கடலில் இருந்து ரொம்பத் தூரத்தில் இருக்கிறோம், அதனால் நமக்கு இது உறைப்பதில்லை. ராமநாதபுரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. 1986இல் தேசியப் பூங்கா ஆனது அந்தத் தீவுகளும் சுற்றியுள்ள கடலும்தான். அதில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று தண்ணீருக்கு அடியில். சுண்ணாம்புக் காளவாய்க்கும் கட்டடத்துக்கும் பல காலம் பவளத்தை வெட்டி எடுத்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அலையைத் தடுக்கும் பாறை போனால் தீவும் போகும். என் கூடத்துக்கு வந்த சாக்கில் அந்தப் பாறையின் ஒரு துண்டு இருந்தது.

சரி, ஏற்கனவே யாராவது வாங்கி வைத்திருந்தால், சாயமா நிஜமா என்று பார்க்க ஒரு வழி: நெயில் பாலிஷ் ரிமூவரில் பஞ்சை நனைத்து, காய்ந்த இடத்தில் அழுத்தித் தேயுங்கள். பஞ்சில் நிறம் ஒட்டினால் பெயிண்ட். நிஜமான பவளப்பாசி (கல்லின் மேல் ஊதாவாகவும் இளஞ்சிவப்பாகவும் படரும் பாசி) ஓடு மாதிரி கெட்டியாக இருக்கும், கத்தியால் சுரண்டினால் சாக்பீஸ் தூளாக உதிரும், வெயிலில் வைத்தால் வெளுத்துவிடும். வினிகர் ஊற்றி நுரை வருகிறதா என்று பார்க்கச் சொல்வார்கள், அதை நம்ப வேண்டாம், சிமெண்டிலும் நுரை வரும்.

அப்புறம் கல்லுக்கு என்னதான் செய்வது? நான் செய்ததைச் சொல்கிறேன். கோழித்தீவனக் கடையில் முட்டைக்கோழிக்குப் போடும் கிளிஞ்சல் தூள் மூட்டையாகவே கிடைக்கும். நாமக்கல் பக்கத்தில் இருக்கும் நமக்கு அதற்குப் பஞ்சமில்லை. நான்கு பங்கு கிளிஞ்சல், ஒரு பங்கு சிமெண்ட், இரண்டு கை கல் உப்பு. ஈர மணலில் குழி தோண்டி அதில் வார்த்தேன். உப்பு பிறகு கரைந்து போய் அந்த இடமெல்லாம் துளையாகிவிடும். இதிலும் சிமெண்ட் இருக்கிறதே என்பீர்கள். அதனால்தான் ட்ரம்மில் போட்டு வாரத்துக்கு இரண்டு முறை தண்ணீர் மாற்றி, எட்டு வாரம் காத்திருந்தேன். ஒரு நாள் பூராவும் புதுத் தண்ணீரில் கிடந்த பிறகும் பிஹெச் 8.4க்கு மேல் ஏறிக்கொண்டிருக்கும் வரைக்கும் மீன் பக்கம் கொண்டுபோகக் கூடாது. வார்க்கப் பொறுமை இல்லாதவர்கள் பில்லோடு விற்கும் செயற்கை உலர் கல்லை வாங்கலாம், அதில் தவறே இல்லை.

பிறகு கடல்நீரில் அடுக்கி, பழைய தொட்டியின் ஃபில்டரில் இருந்து ஒரு கைப்பிடி செராமிக் வளையங்களை எடுத்துக் கல் இடுக்கில் வைத்தேன். அந்த வளையங்களில் ஏற்கனவே குடியிருக்கும் பாக்டீரியாதான் விதை. மீன் கடையில் வாங்கிய ஒரு இறாலை உள்ளே போட்டேன். அது அழுகி அமோனியா ஏறியது, இறங்கியது, பிறகு நைட்ரைட் ஏறியது, இறங்கியது. இரண்டும் பூஜ்யத்துக்கு வர ஆறு வாரம். நடுவில் கண்ணாடியெல்லாம் பழுப்புப் பாசி படிந்தது, அது தானாகவே போய்விட்டது. மொத்தச் செலவு, தொட்டி உப்பு நீங்கலாக, ஆயிரம் ரூபாயைத் தாண்டவில்லை. இந்தக் கல்லும் லைவ் ராக்தான். பாக்டீரியாவுக்குத் தான் இருப்பது கடலா, கிருஷ்ணகிரியா என்று தெரியாது.

பிழைத்த சின்ன மீன் இப்போது பெரிய தொட்டியில் இருக்கிறது. போன மாதம்தான் ஒரு கல்லின் நிழல் பக்கத்தில் மிளகு அளவு இளஞ்சிவப்புப் புள்ளி ஒன்று வந்திருப்பதை மகள் காட்டினாள். நெயில் பாலிஷ் ரிமூவர் தேவைப்படவில்லை, விரலால் தடவினாலே ஓடு மாதிரி கெட்டியாக இருக்கிறது.

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்தில் யாராவது புதிதாகத் தொட்டி வைக்கிறீர்கள் என்றால் சொல்லுங்கள். விதைக்கு ஒரு துண்டு கல்லும் ஒரு கைப்பிடி வளையமும் தருகிறேன், காசு வேண்டாம். தொட்டித் தண்ணீரில் நனைத்த துணியில் சுற்றிக் கொடுக்கிறேன், தருமபுரி வரை பஸ்ஸில் தாராளமாகத் தாங்கும்.