ஹைப்பர்சாக்கெட்ஸா, வி-ஸ்விட்சா?

சுங்கை சிப்புட்டில், ரப்பர் தோட்டத்தை ஒட்டிய வீட்டிலிருந்துதான் தொலைவிலுள்ள ஐபிஎம் மெயின்ஃபிரேமை (பல சர்வர்களை ஒன்றாக ஓட்டும் பெரிய கணினியை) பார்த்துக்கொள்கிறேன். மழை பெய்தால் இங்கே இணையம் தடுமாறும். அதையும் சர்வர்களின் மந்தத்தையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஒரே இயந்திரத்துக்குள் இரண்டு லினக்ஸ் மெய்நிகர் சர்வர்களுக்கு இடையே கோப்பு ஊர்கிறதா? என் தேர்வு ஹைப்பர்சாக்கெட்ஸ், அதாவது மெயின்ஃபிரேமுக்குள்ளேயே இயங்கும் உள் வலையமைப்பு. தரவு நினைவகத்திலிருந்து நினைவகத்துக்கே பாய்கிறது. வன்பொருள் வரையறையில் 64 கேபி சட்டகம் (ஃபிரேம்) குறித்திருந்தால் எம்டியு, அதாவது ஒரு தரவுப் பொட்டலத்தின் உச்ச அளவு, 56 கேபி வரை உயரும். மென்பொருளால் ஆன மெய்நிகர் ஸ்விட்சான வி-ஸ்விட்சில் ஜம்போ (பெரிய சட்டகம்) வைத்தாலும் எம்டியு வழக்கமாக 8,992 பைட்தான். பலர் 1,500-இலேயே விட்டுவிடுகிறார்கள், வேகம் அங்கேதான் சாகிறது! ஆனால் ஹைப்பர்சாக்கெட்ஸில் நகலெடுக்கும் பாரம் செயலியின் தலையில் விழும். செயலி ஏற்கெனவே திணறினால் பயனில்லை.

வெளி வலையமைப்புக்கும் போக வேண்டுமானால் வி-ஸ்விட்ச்.

மாற்றும் முன் வலையமைப்பின் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப் கருவியை ஓட்டிப் பாருங்கள். அது வேகமாக ஓடி குறியாக்கத்தோடு கோப்பை நகலெடுக்கும் எஸ்சிபி மட்டும் ஊர்ந்தால், குறியாக்கத்தையோ வட்டையோதான் சந்தேகிக்க வேண்டும்.