தவிலுக்குள் ஒளிந்த டிக்: எட்டு டிராக் ரெக்கார்டிங்குக்கு எந்த வைத்தியம்?

டேக் முடிந்ததும் தவில் அண்ணன் ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "தம்பி, நடுவுல யாரோ நாக்கச் சப்புக்கொட்டுன மாதிரி ஒரு சத்தம் வருது. நாங்களா, உங்க மிசினா?"

மிசின்தான். மதுரை செல்லூரில் எங்கள் வீட்டு மாடி அறை. நாயனம் இரண்டுக்கு இரண்டு மைக், தவில் இரண்டுக்கும் பக்கத்துக்கு ஒன்றாக நாலு, பம்பைக்கு ஒன்று, உறுமிக்கு ஒன்று. அந்தச் சின்ன அறையில் எட்டு மைக்கும் எல்லாவற்றையும் கேட்கும் என்பது வேறு விஷயம். வலந்தலையில் விரல்கூடு விழுகிற கூர்மைக்குள் டிக் சத்தம் அழகாக ஒளிந்துகொள்ளும். ஸ்கிரீனில் பெரிதாக்கிப் பார்த்தாலும் எது அடி, எது ஓட்டை என்று பிடிபடாது. நாயனம் ஒரு கார்வையில் போய் நிற்கும் பாருங்கள், அப்போதுதான் வெள்ளை வேட்டியில் மை சொட்டின மாதிரி வெளியே வரும்.

நானே பாகம் பாகமாக வாங்கிப் பூட்டின கம்ப்யூட்டர் அது. கேட்டவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ரேமைக் கூட்டு. சத்தத்தைக் கொஞ்சம் சேர்த்துவைத்து அனுப்பும் பஃபரைக் கூட்டு. விண்டோஸைச் சுத்தம் பண்ணு. மைக்குகளைக் கம்ப்யூட்டரோடு சேர்க்கும் இன்டர்ஃபேஸ் பெட்டியை மாத்து. லினக்ஸ் போடு. கம்ப்யூட்டரே வேணாம், ரெக்கார்டர் வாங்கு. எல்லாவற்றையும் செய்து பார்த்தவன் என்ற முறையில் எது யாருக்குப் பலிக்கும் என்று சொல்கிறேன்.

முதலில் ரேம். காசு தண்டம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் மைக்குக்கு ஒன்றாக எட்டு டிராக் என்றால் நொடிக்கு 1.15 எம்பி, மணிக்கு 4 ஜிபியைக் கொஞ்சம் தாண்டும். கேமராவுக்குப் போடும் கிளாஸ் 10 கார்டே நொடிக்குக் குறைந்தது 10 எம்பி எழுதும். பழைய ஹார்டுடிஸ்க்குக்குக்கூட இது பெரிய சுமை இல்லை. பத்து ஜிபிக்குப் பதிவுசெய்த வாத்தியச் சத்தங்களை ஏற்றி வாசிக்கிற கீபோர்டுக்காரருக்கு ரேம் வேண்டும். மைக் வைத்து மேளம் பிடிக்கிறவனுக்கு அதனால் ஒரு டிக்கும் குறையாது. எனக்குக் குறையவில்லை.

மற்றவற்றை ஒப்பிடுவதற்கு முன்னால் டிக் எந்த ஜாதி என்று காது கொடுத்துக் கேளுங்கள். கடிகாரம் மாதிரி ஒரே இடைவெளியில் விழுந்தால் அது கிளாக், அதாவது சத்தத்தை அளக்கிற உள்கடிகாரம், செய்யும் தகராறு, பஃபரை எவ்வளவு ஏற்றினாலும் போகாது. நேரங்கெட்ட நேரத்தில் கொத்தாக விழுந்தால் கம்ப்யூட்டர் நேரத்துக்கு வேலையை முடிக்கவில்லை. பக்கத்து வீட்டில் போர் மோட்டார் போடும்போது மட்டும் ஒன்று விழுந்தால் அது கரண்ட் வழியாக வருகிறது, விண்டோஸை நோண்டிப் பிரயோஜனம் இல்லை. இந்த மூன்றையும் பிரிக்காமல் வைத்தியம் பார்த்ததில்தான் எனக்கு ஒரு வருஷம் போனது.

என் பெட்டியில் வந்தது பெரும்பாலும் இரண்டாம் ஜாதி. அதற்குப் பஃபர் ஒரு வைத்தியம், விண்டோஸைச் சுத்தம் பண்ணுவது இன்னொன்று.

பஃபர் சுலபம். 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் சத்தத்தை நொடிக்கு 48,000 தடவை அளக்கிறோம், ஒவ்வொரு அளவும் ஒரு சாம்பிள். 64 சாம்பிளில் வைத்தால் 1.3 மில்லிசெகண்டுக்குள் கம்ப்யூட்டர் அடுத்த கைப்பிடிச் சத்தத்தைத் தயார் செய்தாக வேண்டும். 256 என்றால் 5.3. 1024 என்றால் 21. அவகாசம் கூடக்கூட டிக் குறையும். ஆனால் மைக்கில் நுழைந்தது ஹெட்போனுக்குத் திரும்ப, உள்ளே ஒரு பஃபர், வெளியே ஒரு பஃபர் கடக்க வேண்டும். 256-லேயே போக வரப் பத்து மில்லிசெகண்டைத் தாண்டிவிடும். 1024-இல் தவில்காரர் காதில் அவர் அடித்த அடி எதிரொலி மாதிரி கேட்கும். கையை நிறுத்திவிட்டு நம்மை ஒரு பார்வை பார்ப்பார்.

அதனால்தான் எல்லாரும் பஃபரை இறக்கு, இறக்கு என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. காற்றில் சத்தம் ஒரு மீட்டர் போக ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட் ஆகும். ஊர்வலத்தில் நாயனத்துக்கும் தவிலுக்கும் நடுவில் இரண்டு மீட்டர் இருந்தாலே ஆறு போச்சு. காலம் காலமாக அப்படித்தான் வாசிக்கிறார்கள். அதைவிட முக்கியம், நேரடிக் கண்காணிப்பு வசதி. இப்போது வரும் இன்டர்ஃபேஸ்களில் பெரும்பாலும் மைக் சத்தத்தைக் கம்ப்யூட்டருக்குள் விடாமலே ஹெட்போனுக்குத் திருப்பிவிடலாம். அதைப் போட்டுவிட்டால் பஃபர் 512-இல் இருந்தால் என்ன, 1024-இல் இருந்தால் என்ன? கிட்டாரைச் செருகி சாஃப்ட்வேர் ஆம்ப் வழியாகக் கேட்டபடி வாசிக்கிறவருக்கு மட்டும் இந்தக் குறுக்குவழி இல்லை. அவர் சுத்தம் பண்ணித்தான் ஆக வேண்டும்.

சுத்தம் பண்ணுவது ஒரு சாயங்கால வேலை, செலவு பைசா இல்லை. எனக்குப் புரியாத புதிராக இருந்தது இதுதான்: சிபியு மீட்டர் 12 சதவீதம் காட்டுகிறது, ஆனாலும் டிக் விழுகிறது. நாலு மாசி வீதியும் காலியாக இருக்கலாம். சாமி புறப்பாடு குறுக்கே வந்தால் எந்த வண்டியும் நின்றுதான் ஆகணும். விண்டோஸுக்குள் கருவிகளை இயக்கும் டிரைவர் நிரல்கள் சில அப்படித்தான்: இரண்டு மூன்று மில்லிசெகண்ட் சிபியுவைப் பிடித்துக்கொண்டு விடாது. சராசரி மீட்டரில் அது தெரியாது. ஆனால் 64 சாம்பிளில் ஓடும் ஆடியோவுக்கு அந்த நேரத்தில் இரண்டு பஃபர் காலி.

யார் வழிமறிக்கிறார்கள் என்று காட்ட லேட்டன்ஸிமான் என்று ஒரு இலவச நிரல் இருக்கிறது. கால் மணி நேரம் ஓடவிட்டு, டிரைவர்கள் பட்டியலை அதிக நேரம் பிடித்தவர் மேலே வருகிற மாதிரி அடுக்கிப் பார்க்க வேண்டும். என் பட்டியலில் முதலில் நின்றது நெட்வொர்க் டிரைவர். வைஃபையை டிவைஸ் மேனேஜரில் அணைத்தேன், சிவப்புப் பட்டை பச்சைக்கு வந்தது. அவ்வளவுதான். ரேமுக்குக் கொடுத்த காசு கண்முன் வந்துபோனது. அடுத்ததாக கிராஃபிக்ஸ் கார்டோடு வரும் எச்டிஎம்ஐ ஆடியோ, போர்டிலேயே இருக்கும் சவுண்டு இரண்டையும் அணைத்தேன். பவர் பிளானை உச்சத்துக்கு வைத்தேன். யுஎஸ்பியைத் தூங்கவிடும் வசதியை நிறுத்தினேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மறுபடி ஓட்டிப் பாருங்கள். மொத்தமாக மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது.

நாமே பூட்டின பெட்டி என்றால் யுஎஸ்பியையும் சந்தேகப்படணும். முன்பக்க ஓட்டையும் வேண்டாம், ஹப்பும் வேண்டாம், பின்னால் மதர்போர்டிலேயே நேராகச் செருகுங்கள். ஏஎம்டி கம்பெனியின் 500 வரிசை சிப்செட் போர்டுகளில் யுஎஸ்பி விட்டுவிட்டு வேலை செய்வதை 2021-இல் அந்தக் கம்பெனியே ஒப்புக்கொண்டு, போர்டின் அடிப்படை நிரலான பயாஸுக்கு அப்டேட் விட்டுச் சரிசெய்தது. அந்தக் காலத்து போர்டை இரண்டாம் கையாக வாங்கியிருந்தால் முதல் வேலையாக பயாஸைப் புதுப்பியுங்கள். மே மாத மத்தியானம் மைக்குக்காக ஃபேனையும் ஏசியையும் நிறுத்திவிட்டு ரெக்கார்டு செய்கிறவர்கள் சிபியு சூட்டையும் ஒரு கண் பார்த்துக்கொள்ள வேண்டும். சூடேறினால் அது தானாக வேகத்தைக் குறைக்கும்.

இரண்டில் எது என்றால், சுத்தம் முதலில், பஃபர் அதற்கு மேல். பஃபர் மட்டும் ஏற்றுவது ஓட்டைக்கு ஒட்டுப்போடுவது. வண்டி ஓடும், ஆனால் மிக்ஸிங்கில் சத்தத்தை மெருகேற்றும் பிளகின்கள் ஏற ஏற அதே டிக் திரும்பி வரும்.

இன்டர்ஃபேஸை மாற்றுவது எப்போது நியாயம்? உங்களிடம் இருப்பதற்குச் சொந்த ஏசியோ டிரைவர் (தாமதத்தைக் குறைக்கும் ஆடியோ டிரைவர்) இல்லாமல் ஏசியோ4ஆல் என்ற பொது டிரைவரைப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தால் நியாயம். அது விண்டோஸின் சொந்த ஆடியோ வழிக்கு மேல் மாட்டின சட்டை மட்டுமே. நாலு மைக் பெட்டி இரண்டைச் சேர்த்து எட்டாக்கப் பார்ப்பவர்களுக்கும் நியாயம். இரண்டு பெட்டிக்கும் இரண்டு கிளாக். பத்து லட்சத்தில் பத்துப் பங்கு வித்தியாசம் என்றாலும் இரண்டு நொடிக்கு ஒரு சாம்பிள் வழுக்கும். பெரிங்கர் யுஎம்சி1820, ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் 18ஐ20 மாதிரிப் பெட்டிகளில் மைக் சத்தத்தைத் தூக்கிக்கொடுக்கும் பிரீஆம்ப் எட்டு உள்ளேயே உண்டு. அடாட் என்ற ஒளிவழி இணைப்பில், ஆப்டிக்கல் கேபிள் ஒன்றில் இன்னொரு பெட்டியின் எட்டு மைக்கையும் சேர்க்கலாம். 96 கிலோஹெர்ட்ஸுக்குப் போனால் அது நாலாகிவிடும். சேர்க்கும்போது கிளாக்குக்கு ஒருத்தர்தான் எஜமான். நான் ஒருமுறை இரண்டையும் எஜமானாக வைத்துவிட்டு, மூன்று மணி நேர ரெக்கார்டிங் முழுக்கச் சுவர்க்கடிகாரம் கேட்டேன்.

மேக் வாங்கச் சொல்கிறவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. அங்கே இரண்டு பெட்டியை ஒன்றாக்கும் வசதியே உள்ளுக்குள் உண்டு. ஆனால் அந்தக் காசில் மைக் வாங்கலாம். லினக்ஸ் எனக்குப் பிடித்தது. வேலையை நேரத்துக்குள் முடிக்கவைக்கும் நிகழ்நேர வசதியை முன்பு தனியாக ஒட்ட வேண்டும், 2024-இல் அது லினக்ஸின் மையமான கெர்னலிலேயே, 6.12-இல், சேர்ந்துவிட்டது. எத்தனை தடவை சறுக்கினேன் என்று ஜாக் என்ற ஆடியோ நிரல் ஒளிக்காமல் எண்ணிச் சொல்லும். ரீப்பர், ஆர்டர் என்ற ரெக்கார்டிங் நிரல்கள் இரண்டும் ஓடும். உங்கள் இன்டர்ஃபேஸின் கண்ட்ரோல் பேனலும் காசு கொடுத்து வாங்கின பிளகின்களும் ஓடுமா என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்குப் பாதி ஓடவில்லை, திரும்பி வந்துவிட்டேன்.

கடைசியாக ரெக்கார்டர். ஜூம் எல்-12 போன்ற பெட்டி ஒரே நேரத்தில் 14 டிராக்கை எஸ்டி கார்டில் எழுதும். வைஃபை இல்லை, அப்டேட் இல்லை, வழிமறிக்கும் டிரைவர் இல்லை. சோழவந்தான் பக்கம் ஒரு கோயில் கொடைக்கு வாடகைக்கு எடுத்துப்போனேன். ராத்திரி முழுக்க ஓடியது, கார்டில் ஒரு டிக் இல்லை. கரகக்காரரிடம் "இன்னொரு தடவை ஆடுங்க" என்று கேட்க முடியாத இடத்தில் நான் கம்ப்யூட்டரை நம்ப மாட்டேன். ஆனால் வீட்டில், ஒரு டிராக்கில் இரண்டு அடியை மட்டும் திருத்தி வாசிக்கணும் என்றால் அந்தச் சின்ன ஸ்கிரீனில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார எனக்குப் பொறுமை இல்லை. எஸ்டி கார்டு ஒன்று கோளாறானால் எட்டு டிராக்கும் சேர்ந்தே போகும் என்ற பயமும் உண்டு.

இப்போது வைஃபை கார்டைக் கழற்றி மேஜை டிராயரில் போட்டிருக்கிறேன். பஃபர் 512, காதுக்கு நேரடிக் கண்காணிப்பு. போன வாரம் தவில் அண்ணன் வந்து கார்வையை மூன்று தடவை திருப்பிப் போடச் சொல்லிக் கேட்டுவிட்டு, "ம்" என்றார். ஒரே ஒரு டிக் மட்டும் பாக்கி. பக்கத்து வீட்டு மோட்டார். காலையில் ஆறரை மணிக்குத்தான் தண்ணி ஏத்துவாராம், கேட்டு வைத்திருக்கிறேன்.