கூரைத் தொட்டியா, கிணற்றூட்டமா, குளமா? யாழ் நகரின் மாரிமழைக்கு எது முதலில்

யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். 2020 டிசெம்பரில் புரெவிப் புயல் வந்தபோது தெருக்களில் வெள்ளம். கோடை முற்றினால் கரையோரக் கிணறுகளில் உவர். இரண்டையும் ஒரே வேலையால் தீர்க்க முடியாது.

வீட்டுக்குக் கூரைத் தொட்டியை மிஞ்ச எதுவும் இல்லை. 100 சதுர மீற்றர் கூரையில் 1 மில்லிமீற்றர் மழைக்கு 100 லீற்றர். சிதறலும் கசிவும் போக 80 மிஞ்சும். 5,000 லீற்றர் தொட்டி 63 மில்லிமீற்றரில் நிரம்பும். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 5 லீற்றர் என்றால் நாலு பேருக்கு 250 நாள். பழுது வருவது முதல் மழையில்தான்: தூசியும் பறவை எச்சமும் சேர்ந்த முதல் 100 லீற்றரை ஒதுக்கிவிட வேண்டும். 4 அங்குலக் குழாயில் மீற்றருக்கு 8 லீற்றர்தான் நிற்கும் என்பதால், பீலிக்குக் கீழே ஒரு பீப்பாவே வைக்க வேண்டும். வழிவாய்க்கு நுண்வலை இல்லாவிட்டால் நுளம்பு பெருகும். ஆனால் தொட்டி வெள்ளத்தைத் தடுக்காது. நிரம்பிய பிறகு வருவதெல்லாம் தெருவுக்குத்தான்.

கிணற்றூட்டம், அதாவது மழைநீரைக் கிணற்றில் இறக்கி நிலத்தடி நீரைப் பெருக்குவது, மலிவு; ஆபத்தும் அதில்தான் அதிகம். இங்கே நிலத்தடியிலுள்ள சுண்ணக்கல்லின் வெடிப்புகளில் நீர் வடிகட்டப்படாமல் ஓடும். ஆகவே கூரை நீரை மட்டும், அதுவும் சல்லி, மணல் அடுக்குகள் வழியாக விடலாம். வீதி வாய்க்காலைக் கிணற்றுக்குத் திருப்பினால் எண்ணெயும் மலக்கிருமியும் அயல் கிணறுகள் வரை போய்விடும். இறக்கிய நீரெல்லாம் ஆவணி வரை காத்திருக்கும் என்றும் எண்ண வேண்டாம்: நன்னீர் கடலுக்குக் கசிந்துகொண்டே இருக்கிறது, கடலோர நன்னீர் ஊற்றான கீரிமலையில் கண்ணால் பார்க்கலாம். இருந்தும் ஊட்டத்தைக் கைவிட முடியாது. நன்னீர் மட்டம் 1 மீற்றர் தாழ்ந்தால், கோட்பாட்டுப்படி அடியிலுள்ள உவர்நீர் 40 மீற்றர் உயர இடமுண்டு.

2024இல் திறந்த தாளையடிக் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீர் தரக்கூடியது. குடிநீருக்கு அது உறுதியான வழிதான். ஆனால் கடல்நீரைச் சுத்திகரிக்கக் கன மீற்றருக்கு 3 முதல் 4 அலகு மின்சாரம் செல்லும். வெள்ளத்துக்கும் கிணற்றுக்கும் அது எதுவும் செய்யாது.

மாநகரசபையின் பணம் முதலில் போக வேண்டியது குளங்களுக்கு. ஆரியகுளம், புல்லுக்குளம் போன்றவை நகரின் நடுவிலேயே இருக்கின்றன. வெள்ளத்தை ஏற்று மெல்ல நிலத்துக்கு விடக்கூடியவை அவைதான். ஆழமாக வெட்டுவதே தூர்வாரல் என்று நினைப்பது பெரும் பிழை. கோடை நீர்மட்டத்துக்குக் கீழே தோண்டினால் குளம் திறந்த கிணறாகி, நிலத்தடி நன்னீர் வெயிலில் ஆவியாகும். கடலோரமென்றால் உவரும் ஏறும். வண்டலை மட்டும் அள்ளினால் போதும். நடைபாதைக்கும் விளக்குக்கும் முன்னே வரத்து வாய்க்காலைப் பார்க்க வேண்டும்: மதகின் அடிமட்டம் வீதி வாய்க்காலின் அடியைவிட ஒரு சாண் உயர்ந்திருந்தாலும், குளம் பாதி காய்ந்து கிடக்க அயல் வளவுகளில் வெள்ளம் நிற்கும். புரட்டாசிக்குள் மட்டம் அளந்து மதகைத் தாழ்த்தி, வாயில் வண்டற்குழி ஒன்று கட்டி, கழிவுநீர் இணைப்புகளைத் துண்டித்துவிட வேண்டும்.