தோசைக் கடையில் ஒரு சம்பல் மெசின்

தோசை நல்லது. சாம்பாரைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அங்கே இருக்கிற சம்பல் போடும் மெசினுக்காகவே போகலாம், நான் இந்த மாதம் மட்டும் நாலு தரம் போய்விட்டேன். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட ஒரு ஒழுங்கைக்குள் இருக்கிற சின்னச் சைவக் கடை. பெயரை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன், காரணம் பிறகு வரும்.

மெசின் கல்லாவுக்குப் பக்கத்து மேசையில் நிற்கிறது. மூன்று எவர்சில்வர் பாத்திரங்கள்: ஒன்றில் பச்சைச் சம்பல், ஒன்றில் செத்தல்மிளகாய்ச் சம்பல், மற்றதில் சாம்பார். தட்டைக் கீழே இருக்கிற பலகையில் வைத்து 'கொஞ்சம்' அல்லது 'நல்லா' என்ற பொத்தானை அமத்த வேண்டும், அவ்வளவுதான். முன்பக்கம் கண்ணாடி மாதிரித் தெளிவான பிளாஸ்ரிக் மூடி என்பதால் உள்ளே திருகு சுற்றிச் சுற்றிச் சம்பலைத் தள்ளிக்கொண்டு வருவது தெரியும். போட்டு முடிந்ததும் திருகு ஒரு அரைச் சுற்றுப் பின்னுக்குப் போகிறது, குழாயின் வாயில் தொங்குகிற அந்தக் கடைசிச் சொட்டு அப்படியே மேலே ஏறி மறைந்துவிடுகிறது. அடுத்தவரின் தட்டில் பழைய சொட்டு விழாது, மேசையும் பிசுபிசுக்காது. நான் தோசையை ஆறவிட்டு இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதில் என்ன பெரிய விஷயம், ரொமாற்றோ சோஸை அமத்தி எடுக்கிற பம்ப் எத்தனை பேக்கரியில் இருக்கிறது என்று கேட்பீர்கள். சோஸ் ஒரே சீரான பொருள், அதைக் குழாய் வழியே தள்ளுவது லேசு. நம்முடைய சம்பல் அப்படியில்லை. தேங்காய்ப்பூ, மிளகாய்த் துண்டு, சின்ன வெங்காயம் எல்லாம் கிடக்கும், அரை மணித்தியாலம் வைத்தால் தண்ணீர் ஒரு பக்கம், சக்கை ஒரு பக்கம். சாதாரணப் பம்பில் விட்டால் காலை ஏழு மணிக்காரருக்குத் தண்ணீரும் பத்து மணிக்காரருக்குச் சக்கையும் வரும், அதுவும் அடைக்காமல் இருந்தால். மஞ்சள் போட்டுத் தாளித்த நம்முடைய தோசைக்குச் சம்பல் பிழைத்தால் சாப்பாடே பிழைத்த மாதிரி, அதனால் மூன்றாந்தரம் போகும்போது வீட்டுச் சின்னத் தராசையும் கொண்டுபோனேன். ஏழரைக்கும் பத்தேகாலுக்கும் இடையில் எட்டுத் தடவை 'நல்லா' பொத்தானில் பச்சைச் சம்பல் எடுத்து நிறுத்துப் பார்த்தேன் (எனக்கும் கூட வந்த மருமகனுக்கும் பக்கத்து மேசைக்காரருக்கும் சேர்த்து, ஒன்றும் வீணாக்கவில்லை). 40 கிராம் என்று எழுதியிருக்கிறார்கள். ஆகக் குறைந்தது 38, ஆகக் கூடியது 43. எட்டும் ஒரே பதம், பத்தேகாலுக்கு வந்ததிலும் தேங்காயும் தண்ணீரும் பிரியவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். சாம்பாருக்கு இந்த மெசின் சரிவராது. முருங்கைக்காய்த் துண்டு குழாய்க்குள் போகாது என்பதற்காக மரக்கறி இல்லாத தண்ணிச் சாம்பார் வைத்திருக்கிறார்கள், அது மெசினுக்காகச் சமைத்த சாம்பார், சாப்பிடுகிறவருக்காகச் சமைத்தது இல்லை. அந்தப் பாத்திரத்தை எடுத்துவிட்டு வாளியும் கரண்டியும் வைக்கட்டும். இரண்டாந்தரம் போனபோது கரண்ட் போய்விட்டது, பத்து நிமிடம் சம்பலே இல்லை, கையால் சுற்ற ஒரு பிடியாவது இருந்திருக்கலாம். கழுவுவது மட்டும் எனக்குப் பிடித்தது. பதினொரு மணிக்கு ஒரு அக்கா திருகு, குழாய், பாத்திரம் மூன்றையும் சாவி இல்லாமல் கழற்றிச் சுடுதண்ணீரில் போட்டார். தேங்காய்ச் சம்பல் நம்முடைய வெயிலில் எவ்வளவு கெதியாகப் புளிக்கும் என்று தெரிந்த ஒருவர்தான் அப்படி வடிவமைத்திருப்பார்.

அந்த ஒருவர் கடை முதலாளியின் மகன். கிளிநொச்சியில் பொறியியல் படித்தவர். நாலாந்தரம் போன அன்று தராசோடு இருந்த என்னைப் பார்த்துப் பக்கத்தில் வந்து இருந்தார். இதுக்குப் பேற்றன்ற் எடுக்கலாமோ ஐயா என்று கேட்டுக்கொண்டே, சம்பல் ஏன் பிரியாமல் வருகிறது என்று காட்டப் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றத் தொடங்கினார்.

"தம்பி, மூடுங்கோ. எனக்குக் கூடச் சொல்லாதேங்கோ" என்றேன். பிள்ளையின் முகம் சுருங்கிவிட்டது, பிறகுதான் விளங்கப்படுத்தினேன். கொழும்பில் ஆக்கவுரிமை, அதாவது பேற்றன்ற், விண்ணப்பங்கள் எழுதும் அலுவலகத்தில் பல வருடம் வேலை செய்தவன் நான். நம்முடைய 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி கண்டுபிடிப்பு மூன்று சோதனையில் தேற வேண்டும்: புதிதாக இருக்க வேண்டும், அந்தத் துறை தெரிந்த ஒருவருக்கு எளிதில் தோன்றாததாக இருக்க வேண்டும், தொழிலில் பயன்பட வேண்டும். புதிது என்றால் உலகத்தில் எங்குமே எழுத்தாலோ பேச்சாலோ பாவனையாலோ வெளிவராதது. இரகசியம் காப்பதாக ஒப்புக்கொள்ளாத ஒரு வாடிக்கையாளர் நான், எனக்குச் சொன்னால் அது ஊருக்குச் சொன்னதுதான். பனம்பழத்தில் களி பிழிய அருமையான கருவி செய்த ஒருவர் அதை மூன்று வருடம் கண்காட்சி கண்காட்சியாகக் காட்டிவிட்டு எங்களிடம் வந்தார். செய்வதற்கு ஒன்றுமிருக்கவில்லை. அவருடைய கருவியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனம் பொறுக்காது.

சரி, இந்த மெசினுக்குக் கிடைக்குமா? 'தானாகச் சம்பல் போடும் மெசின்' என்று அகலமாகக் கேட்டால் கிடைக்காது. திருகு பழையது, நிறை பார்த்து நிறுத்துவது பொதி கட்டும் மெசின்களில் பழையது, சொட்டைப் பின்னிழுப்பதும் பழையது. தெரிந்த துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்டுபிடிப்பு ஆகிவிடாது. இந்தியாவின் 1970ஆம் ஆண்டுச் சட்டம் பிரிவு 3(எஃப்) இல் இதைத் தெளிவாகவே சொல்கிறது: தனித்தனியே தங்கள் வழமையான வேலையைச் செய்யும் தெரிந்த கருவிகளை வெறுமனே சேர்த்து அடுக்குவது கண்டுபிடிப்பு ஆகாது. அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 2007இல் கே.எஸ்.ஆர். என்ற கம்பனியின் வழக்கில், காரின் ஆக்சிலேற்றர் மிதிப்பில் ஒரு சென்சரைப் பொருத்தியது அந்தத் துறை தெரிந்த எவருக்கும் தோன்றக்கூடியதுதான் என்று சொல்லி அந்த உரிமைக் கோரலைத் தள்ளிவிட்டது. ஆனால் ஒரு பகுதி மற்றப் பகுதியின் வேலையை மாற்றி, இரண்டும் சேர்ந்து தனியே எதுவும் தராத ஒரு பலனைத் தந்தால் வாதாட இடம் உண்டு. காலை முழுக்க ஒரே பதத்தில் வந்த அந்த எட்டுத் தட்டுகள்தான் அந்தப் பலன். அதை எது செய்கிறதோ அதைச் சுற்றி மட்டும், ஒடுக்கமாக, கோரலை (எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் பகுதியை) எழுத வேண்டும்.

அவருக்கு வேறு ஆசைகளும் இருந்தன. 40 கிராமுக்கு மேல் போனால் 20 ரூபாய் என்று கணக்கெடுக்கும் முறைக்கும் உரிமை வேண்டுமாம். வியாபாரம் செய்யும் முறைகளுக்கு நம்முடைய சட்டம் ஆக்கவுரிமை தராது. அம்மாவின் சம்பல் பக்குவத்தை யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தாலே போதும். வெளித்தோற்றம் செம்பு மாதிரி வளைந்து வடிவாக இருக்கிறது, அதைக் கைத்தொழில் வடிவமைப்பாகத் தனியே பதிய முயற்சிக்கலாம், ஐந்து வருடம், பிறகு இரண்டு தரம் ஐந்தைந்தாகப் புதுப்பிக்கலாம். ஆக்கவுரிமை என்றால் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம்.

மெசினைத் தானே வீடியோ எடுத்துப் போட்டிருக்கிறார், லண்டனிலும் பாரிஸ் லா சப்பலிலும் இருக்கிற கடைக்காரர் அதைப் பார்த்து விலை கேட்டிருக்கிறார்கள். கண்டுபிடித்தவரே வெளியிட்டிருந்தால் இலங்கையில் ஒரு வருட அவகாசம் உண்டு, அமெரிக்காவிலும் கனடாவிலும் உண்டு. ஐரோப்பாவில் அந்தத் தயவு இல்லை, வீடியோவில் தெரிந்ததெல்லாம் அங்கே கைவிட்டுப் போனதுதான், வீடியோவை அழித்தாலும் திரும்பி வராது. நல்ல காலம், வீடியோவில் திருகும் சொட்டும்தான் தெரிகின்றன, தகட்டுக்குப் பின்னால் இருப்பது தெரியவில்லை. நான் கடையின் பெயரைச் சொல்லாததும், உள்ளே என்ன இருக்கலாம் என்று ஊகித்து எழுதாததும் அதனால்தான். போய்ப் பார்க்கிறவர்களும் தயவுசெய்து துருவித் துருவிக் கேட்காதீர்கள், அவர் நல்ல மனசில் சொல்லிவிடுவார்.

வீடியோ எப்போது போட்டது என்று கேட்டேன். போனை எடுத்துக் கீழே கீழே தள்ளிக்கொண்டே போனார். பத்து மாதமும் ஒன்பது நாளும். கல்லாவில் இருந்த பில் புத்தகத்தைத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் நான் சொல்லச் சொல்ல எழுதத் தொடங்கினார்: விபரணம், கோரல்கள், சுருக்கம், வரைபடங்கள், கொழும்பில் தேசிய புலமைச் சொத்து அலுவலகம். அக்கா வந்து என் தட்டில் இன்னொரு தோசை வைத்துவிட்டுப் போனார், காசு வாங்கவில்லை.