1,86,500 ரூபாய் போச்சு: அமெரிக்கத் தீம் பார்க்கில் மாணவர் வேலை என்று சொல்பவர்களிடம் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரத்து ஐந்நூறு ரூபாய். தம்பிக்கு அமெரிக்காவில் வேலை வாங்கித் தருவதாகச் சொன்ன கன்சல்டன்சிக்கு நாலு தவணையாகக் கட்டியது. நேற்று மத்தியானம் "சார் ஊர்ல இல்லைங்க மேடம், அடுத்த வாரம் கூப்பிடுங்க" என்று பதினோராவது தடவையாகச் சொல்லிவிட்டு அவர்கள் ஆபீஸ் பெண் ஃபோனை வைத்துவிட்டாள். ஆத்திரம் அடங்காமல்தான் எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஹோட்டல் மேனேஜ்மென்ட், கேட்டரிங் படிக்கிற பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு இது போய்ச் சேரவேண்டும்.

பெயரைப் போடவில்லை. வக்கீல் வேண்டாம் என்கிறார். கோவையில் ஒரு வணிக வளாகத்தின் இரண்டாம் மாடியில் இருக்கிற வெளிநாட்டு வேலை கன்சல்டன்சி, அவ்வளவு போதும். இதே வேலையைச் செய்கிறவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள்.

தம்பியின் கல்லூரி வாசலில் கொடுத்த நோட்டீசில் இருந்தது இது: "அமெரிக்கத் தீம் பார்க் மாணவர் வேலைத் திட்டம். ஜே-1 விசா. 12 மாதம். மணிக்கு 11 டாலர். தங்குமிடம் இலவசம். எப்காட் இந்தியா அரங்கில் கலாச்சாரப் பிரதிநிதி, ரைடு ஆபரேட்டர் பணிகள்."

இந்த ஆறு வரியில் ஒன்றுகூட இன்னொன்றோடு ஒட்டாது. அப்போது தெரியவில்லை.

எப்காட் என்பது ஃபுளோரிடா மாநிலத்தில் ஆர்லாண்டோ பக்கத்தில் வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குள் இருக்கிற ஒரு பார்க். அதில் நாடுகளுக்கான அரங்குகள் மொத்தம் 11. மெக்சிகோ, நார்வே, சீனா, ஜெர்மனி, இத்தாலி, அமெரிக்கா, ஜப்பான், மொராக்கோ, பிரான்ஸ், பிரிட்டன், கனடா. இந்தியா அரங்கு என்று ஒன்று கிடையவே கிடையாது. வரைபடத்தைத் திறந்து பார்த்திருந்தால் இரண்டு நிமிட வேலை. அந்த அரங்குகளுக்குச் சொந்த நாட்டுப் பிள்ளைகளை எடுக்கப் பல ஆண்டுகளாகப் பயன்பட்டது கியூ-1 விசா. அதிகபட்சம் 15 மாதம். அதற்கு வேலை கொடுப்பவரே அமெரிக்கக் குடிவரவுத் துறையில் ஐ-129 மனுப் போடவேண்டும். டிஎஸ்-2019 என்பது ஜே-1 பரிமாற்ற விசாவுக்கு ஸ்பான்சர் (அமெரிக்க வெளியுறவுத் துறை அனுமதி கொடுத்த அமைப்பு) தருகிற படிவம், கியூ-1-க்கு அது கிடையவே கிடையாது. ஆனால் எங்களிடம் "டிஎஸ்-2019 வாங்கித் தருகிறோம்" என்று சொல்லித்தான் மூன்றாவது தவணையை வாங்கினார்கள்.

டிஸ்னி காலேஜ் புரோகிராம் என்ற பெயரையும் பேச்சுக்குப் பேச்சு இழுத்தார்கள். அது அமெரிக்கக் கல்லூரியில் படிக்கிறவர்களுக்கு. விண்ணப்பம் அவர்களுடைய சொந்தத் தளத்தில், இலவசம். கோயம்புத்தூரில் ஒருவர் அதற்கு 'சீட்' வைத்திருக்க வழியே இல்லை.

அடுத்தது அந்த 12 மாதம். வெளிநாட்டுக் கல்லூரி மாணவர்கள் விடுமுறையில் போய் ரைடு, சாப்பாட்டுக் கடை, துப்புரவு என்று பார்க்கிற வேலைக்கு உரிய ஜே-1 பிரிவு சம்மர் வொர்க் டிராவல். உச்ச வரம்பு 4 மாதம், அதுவும் நம் நாட்டுக் கல்லூரி விடுமுறைக் காலத்தில் மட்டும். ஒரு செமஸ்டராவது முடித்திருக்கவேண்டும். 12 மாதம் வேண்டுமென்றால் இன்டர்ன் பிரிவு. அதற்கு டிஎஸ்-7002 என்ற பயிற்சித் திட்டப் படிவம் தனியாக வேண்டும். யார் என்ன கற்றுக்கொடுப்பார்கள், எந்தக் கட்டத்தில், யார் மேற்பார்வை என்று பக்கம் பக்கமாக எழுதிக் கையெழுத்தாக வேண்டும். திறன் தேவையில்லாத வேலையை இன்டர்னுக்குக் கொடுக்கக்கூடாது என்பது விதி. ஆக, இந்த இரண்டு பிரிவிலும் 12 மாதம் ரைடு ஆபரேட்டர் என்ற ஒன்று இல்லவே இல்லை. இல்லாத ஒன்றுக்கு 1,86,500 ரூபாய்.

நம்பியது எங்கே என்று யோசித்துப் பார்த்தால் வயிறு எரிகிறது. சுவரில் மாட்டியிருந்த டிஸ்னி கோட்டை ஃபோட்டோக்களைப் பார்த்து நம்பவில்லை. அவை யார் வேண்டுமானாலும் மாட்டலாம். நாங்கள் உட்கார்ந்திருந்தபோது பொள்ளாச்சிப் பக்கத்துப் பையன் ஒருவன் அப்பாவோடு வந்தான். கையில் பணம். முதலாளி அவனிடம் ஆங்கிலத்தில் நாலு கேள்வி கேட்டார். பிறகு அப்பாவைப் பார்த்து, "இல்லைங்க, தம்பிக்கு இங்கிலீஷ் இன்னும் வரணுங்க. இப்ப பணம் வாங்கினா அது பாவம். ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்று கும்பிட்டு அனுப்பிவிட்டார். வருகிற பணத்தை வேண்டாம் என்கிறவர் ஏமாற்றுவாரா? அந்த இடத்தில்தான் விழுந்தோம். அந்தப் பையனே செட்டப்பா என்பது இன்றுவரை தெரியாது. செட்டப் இல்லையென்றால் அவன் அதிர்ஷ்டசாலி.

அன்றைக்கே பதிவுக் கட்டணம் 5,000. அடுத்த வாரம் 'இன்டர்வியூ தயாரிப்பு' 35,000. ஸ்பான்சர் கட்டணமும் டிஎஸ்-2019-ம் சேர்த்து 96,500. விசாவுக்கும் தங்குமிட டெபாசிட்டுக்கும் 50,000. (தங்குமிடம் இலவசம் என்று போட்டிருந்த அதே நோட்டீஸ்.) கடைசி இரண்டும் போனது கம்பெனிக் கணக்குக்கு அல்ல, ஒரு பெண் பெயரில் உள்ள சேமிப்புக் கணக்குக்கு. ரசீதில் "கவுன்சிலிங் கட்டணம்" என்று மட்டும். ஜிஎஸ்டி எண் கிடையாது, எந்தத் திட்டம், எந்த நாடு என்று ஒரு எழுத்துக் கிடையாது.

அந்த 35,000 ரூபாய் தயாரிப்பு வகுப்பைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். ஆறு நாள். யூடியூப் வீடியோ போட்டுக் காட்டினார்கள். வழி கேட்டால் ஒற்றை விரலை நீட்டக்கூடாது, இரண்டு விரலால் காட்டவேண்டும் என்று ஒரு மணி நேரம். சவாரிப் பெயர்களை மனப்பாடம் பண்ணச் சொன்னார்கள். விசா அதிகாரி கேட்பார் என்று இருபது கேள்விக்கு அச்சடித்த பதில். இது உதவாததோடு நிற்காது, கெடுதலும் செய்யும். தூதரகக் கவுன்ட்டரில் கேட்பது எளிய கேள்விகள்: என்ன படிக்கிறாய், எந்த வருடம், கல்லூரி எப்போது திறக்கும், ஸ்பான்சர் யார், எந்த ஊரில் என்ன வேலை, மணிக்கு எவ்வளவு. ஒரே கன்சல்டன்சியிலிருந்து வருகிற பத்துப் பிள்ளைகளும் ஒரே வாக்கியத்தை ஒப்பித்தால் அந்த அதிகாரிக்குத் தெரியாதா? உண்மையான தயாரிப்பு வேறு. கோபமாக வருகிற விருந்தினரிடம் என்ன பேசுவாய், எட்டு மணி நேரம் வெயிலில் நிற்பாயா, குப்பை அள்ளும் பணி கொடுத்தால் ஒப்புக்கொள்வாயா என்பதற்குச் சொந்த வார்த்தையில் பதில் இருக்கவேண்டும். முதல் சம்பளம் வரும்வரை கைச்செலவுக்கு டாலர் இருக்கவேண்டும். வாடகை வழக்கமாகச் சம்பளத்திலேயே பிடிபடும் என்பது தெரிந்திருக்கவேண்டும். இதில் எதையும் அவர்கள் வாயே திறக்கவில்லை.

ஆஃபர் லெட்டர் வந்தது. மணிக்கு 11 டாலர். ஃபுளோரிடாவில் 11 டாலர் என்பது 2022 செப்டம்பர் 30-இல் தொடங்கி ஒரு வருடம் இருந்த குறைந்தபட்சக் கூலி. 2023-இல் 12 ஆனது, 2024-இல் 13, 2025 செப்டம்பர் 30 முதல் 14. சட்டப்படியான கூலிக்குக் கீழே எந்தப் பெரிய பார்க்கும் எழுத்தில் கொடுக்காது. எவனோ ஒருத்தனுடைய பழைய கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றி அடித்திருக்கிறார்கள். பெயருக்குக் கீழே எழுத்துரு கொஞ்சம் பெரிதாக இருந்ததை அன்றைக்கே தம்பி காட்டினான். "பிடிஎஃப் கன்வெர்ட் பண்றப்ப அப்படி ஆகுங்க" என்றார்கள். சரி என்று தலையாட்டினோம்.

அந்த டிஎஸ்-2019 இப்போதும் மேசைமேல் இருக்கிறது. உண்மையான படிவத்தில் வலது மேல் மூலையில் செவிஸ் (வெளிநாட்டு மாணவர்களுக்கான அமெரிக்க அரசின் பதிவு முறை) எண், 'என்' எழுத்தில் தொடங்கிப் பத்து இலக்கம். எங்களுடையதில் ஒன்பதுதான். ஸ்பான்சரின் திட்ட எண் 'பி' எழுத்தில் தொடங்கவேண்டும், அந்த இடமே காலி. பிரிவு என்ற இடத்தில் "வொர்க் அண்ட் ஸ்டடி". ஜே-1-இல் அப்படி ஒரு பிரிவு இல்லை. காலம் 12 மாதம். இதைவிடக் கேவலம், செவிஸ் கட்டணம் கட்டியதாக ஒரு ரசீது, 220 டாலர். சம்மர் வொர்க் டிராவல் என்றால் அந்தக் கட்டணம் 35 டாலர்தான். அது போகட்டும், டிஎஸ்-2019-இல் உள்ள எண்ணைப் போட்டால்தான் செவிஸ் கட்டணமே கட்டமுடியும். எங்களுக்கு ரசீது முதலில் வந்தது, படிவம் மூன்று வாரம் கழித்து வந்தது. பிள்ளை பிறப்பதற்கு முன்னால் பிறப்புச் சான்றிதழ்!

நல்லவேளை இந்தத் தாளோடு தம்பி தூதரகத்துக்குப் போகவில்லை. போலி ஆவணத்தைத் தெரிந்தே கொடுத்தான் என்று அதிகாரி முடிவுசெய்தால் ஆயுளுக்கும் அமெரிக்காவுக்குள் நுழையமுடியாதபடி தடை விழலாம். 1,86,500-ஐ எப்படியாவது சம்பாதித்துவிடலாம். அந்தத் தடையை எப்படி நீக்குவது?

ஆனால் அவன் போகாததற்குக் காரணம் எங்கள் புத்திசாலித்தனம் இல்லை. அவர்கள் அனுப்பவே இல்லை. ஏன் என்பது போன வாரம்தான் விளங்கியது. நூறு ரூபாய் முத்திரைத்தாளில் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள், "விசா மறுக்கப்பட்டால் முழுப் பணமும் திருப்பித் தரப்படும்" என்று. அதைப் பார்த்துத்தான் மூன்றாவது தவணையைத் துணிந்து கட்டினோம். விசா மறுக்கப்படவேண்டும் என்றால் இன்டர்வியூவுக்குப் போகவேண்டும். போவதற்கு ஸ்லாட், அதாவது இன்டர்வியூ தேதி, போடவேண்டும். ஸ்லாட்டை அவர்கள் போடவே மாட்டார்கள். மறுப்பும் வராது, பணமும் வராது. விசாவுக்கென்று வாங்கினார்களே, அதில் 185 டாலர் விசா விண்ணப்பக் கட்டணம்கூடக் கட்டப்படவில்லை. காட்டியதெல்லாம் டிஎஸ்-160 என்கிற ஆன்லைன் விசா விண்ணப்பப் படிவத்தின் உறுதிப் பக்கம், ஃபோட்டோவும் பார்கோடும் போட்டது. "விசா ஃபைல் ஆயிருச்சுங்க, பாருங்க" என்றார்கள். டிஎஸ்-160 யார் வேண்டுமானாலும் வீட்டில் உட்கார்ந்து இலவசமாக நிரப்பலாம். அந்தப் பக்கம் வந்தால் படிவம் நிரப்பியாயிற்று என்று அர்த்தம், அதற்கு மேல் ஒன்றுமில்லை.

அதற்குப்பின் சாக்குகள். ஸ்பான்சர் ஆபீசில் தேங்க்ஸ்கிவிங் லீவு. சென்னையில் ஸ்லாட் திறக்கவில்லை. சர்வர் டவுன். சார் துபாயில். வாட்ஸ்அப் குழுவில் ஒரு பையன் "பணத்தைக் குடுங்க சார்" என்று போட்ட அன்றே, அட்மின் மட்டும் எழுதலாம் என்று மாற்றிவிட்டார்கள். நேரில் போனபோது, "அமெரிக்கா வேண்டாங்க, மொரிஷியஸ் ஹோட்டல்ல அட்ஜஸ்ட் பண்ணித் தர்றேன், இன்னும் 40 மட்டும் கட்டுங்க" என்றார். இன்னும் நாற்பதாயிரம்! கத்தியதும் "மேடம், இங்க கேமரா இருக்கு, மானநஷ்ட வழக்குப் போடுவோம்" என்றார். வெளிநாட்டு வேலைக்கு ஆளெடுக்க எமிக்ரேட் (ஏஜென்ட்டுகளுக்கான இந்திய அரசின் பதிவுத் தளம்) பதிவு எண் எங்கே என்று கேட்டால் "இது வேலை இல்லைங்க, கலாச்சாரப் பரிமாற்றம்" என்கிறார். பரிமாற்றம் என்றால் ஸ்பான்சர் யார் என்று கேட்டால் "வேலை கொடுக்கிறவங்கதாங்க ஸ்பான்சர்" என்கிறார். பதிவு பெற்ற ஏஜென்ட்டே ஒரு ஆளிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். இவர்கள் வாங்கியது 1,86,500.

சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைத்துச் சொன்னேன். மாதக்கணக்கில் நாமே மனமறிந்து அனுப்பிய பணம், அந்தக் கணக்கில் இப்போது ஒன்றுமில்லை. காவல் நிலையத்தில் சிஎஸ்ஆர் ரசீது கொடுத்திருக்கிறார்கள். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகிறோம். 5 லட்சம் வரை மனுக் கட்டணம் இல்லை.

விவரமாக அறிவுரை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், முடியவில்லை. இதை மட்டும் பாருங்கள்.

அமெரிக்க வெளியுறவுத் துறையின் ஜே-1 விசா தளத்தில் அனுமதி பெற்ற ஸ்பான்சர்களின் பட்டியல் இருக்கிறது. ஏஜென்ட் சொல்லும் பெயர் அதில் இருந்தால் மட்டும் போதாது, அந்த ஸ்பான்சருக்கே மின்னஞ்சல் போட்டு "இவர் உங்கள் ஆள்தானா" என்று கேளுங்கள். முகவரியை ஏஜென்ட்டிடம் வாங்காதீர்கள். ஸ்பான்சர் ஆங்கிலத்தைச் சோதித்து, வேலை கொடுப்பவரின் பெயர், முகவரி, கூலியோடு ஆஃபரை உறுதிசெய்வதற்கு முன் பெரிய தொகை எதையும் கட்டாதீர்கள். செவிஸ் கட்டணத்தையும் விசா கட்டணத்தையும் உங்கள் கார்டில் நீங்களே கட்டுங்கள், விசாத் தளத்தின் பாஸ்வேர்டு உங்களிடமே இருக்கட்டும். தனிநபர் கணக்குக்கு ஒரு ரூபாய் போடாதீர்கள்.

அப்புறம், ஒரிஜினல் பாஸ்போர்ட்டை அவர்களிடம் கொடுத்திருந்தால், பணத்தைப் பற்றி வாயைத் திறப்பதற்கு முன்னால் "பேங்க்ல கேக்கிறாங்க" என்று ஏதாவது சொல்லி அதை வாங்கிவிடுங்கள். நாங்கள் பணத்தை முதலில் கேட்டோம். பாஸ்போர்ட் கைக்கு வரப் பதினேழு நாள் ஆனது.