ராத்திரிக்கு சப்பாத்தியா, சிறுதானியமா, சோறா? மூணையும் பார்த்துட்டு சோத்துக்கே திரும்பி வந்துட்டேன்

உடம்பை குறைக்கணும்னு நினைக்கிற யாரா இருந்தாலும் முதல்ல கை வைக்கிறது ராத்திரி சோத்துலதான். நானும் அப்படித்தான். 2023 ஆடி மாசம் எடை பார்த்தப்ப 74 கிலோ, உயரம் 157 செ.மீ. நம்ம நாட்டு உடம்புக்கு பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை சரியா இருக்கான்னு பார்க்கற கணக்கு, 23ஐ தாண்டினாலே அதிக எடை, 25ன்னா பருமன், பொம்பளைங்களுக்கு இடுப்பு 80 செ.மீ.க்குள்ள இருக்கணும்னு டாக்டர் சொன்னாங்க, எனக்கு அப்ப பிஎம்ஐ 30, இடுப்பு 94. வீட்டுக்கு வந்த அன்னிக்கே ராத்திரி சோறு கட்.

அதுக்கப்புறம் எட்டு மாசம் சப்பாத்தி, அஞ்சு மாசம் சாமை வரகு குதிரைவாலி, அப்புறம் ஒன்றரை வருஷமா மறுபடியும் சோறுதான், ஆனா முன்னாடி சாப்பிட்ட மாதிரி இல்ல. இப்ப 66 கிலோ. எது நல்லதுன்னு சொந்தக்காரங்க ஆபீஸ்ல கூட வேலை பார்க்கறவங்கன்னு நிறைய பேர் கேட்கறாங்க, ஒவ்வொருத்தருக்கும் பாதி பாதியா பதில் சொல்றதுக்கு மொத்தமா எழுதிடலாம்னு உட்கார்ந்தேன். நான் சோறு பக்கம்தான் சாய்வேன், அதை இப்பவே சொல்லிடறேன்.

முதல்ல கலோரி கணக்கு, அதை சட்டுனு முடிச்சுக்கலாம். சமைக்காத அரிசி, கோதுமை மாவு, சாமை, வரகு, தினை எதை எடுத்தாலும் 100 கிராமுக்கு 310லிருந்து 360 கலோரி சுத்துவட்டாரம்தான். அரிசியை நிறுத்திட்டு கோதுமைக்கு போனா கலோரி பாதியா குறையும்னு நினைச்சீங்கன்னா அது நடக்காது. கோதுமைல புரதம் கூட, கேழ்வரகுல கால்சியம் ரொம்ப கூட (100 கிராம்ல 340 மில்லிகிராமுக்கு மேல), நார்ச்சத்து சிறுதானியத்துல நல்லா இருக்கு, ஆனா தீட்டாம இருந்தாத்தான். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.

மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் ஐசிஎம்ஆரும் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) சேர்ந்து நாடு முழுக்க சுகர் பத்தி பண்ற இண்டியாப் ஆய்வோட உணவு பத்தின பகுதி 2025ல வெளிவந்துச்சு. நம்ம ஜனங்க சாப்பிடற கலோரில 62 சதவீதம் மாவுச்சத்துலேர்ந்துதான் வருதாம். அதைவிட எனக்கு முக்கியமா பட்டது, வெள்ளை அரிசிக்கு பதிலா முழு கோதுமை மாவு, சிறுதானிய மாவுன்னு ஆளை மட்டும் மாத்தினா சுகர் வர்ற வாய்ப்பு குறையல, மொத்த மாவுச்சத்தை குறைச்சு அந்த இடத்துல புரதம் வந்தாத்தான் பலன்ங்கறது. இதை படிச்சப்ப என் 13 மாச அலைச்சலுக்கு காரணம் புரிஞ்சுடுச்சு. நான் தட்டுல தானியத்தை மாத்திட்டு இருந்தேனே தவிர அளவை மாத்தவே இல்ல.

சரி சப்பாத்திக்கு வரேன். முதல் ரெண்டு மாசத்துல 3 கிலோ குறைஞ்சுது, உண்மை. அடுத்த ஆறு மாசத்துல அதுல 2 கிலோ திரும்பி வந்துடுச்சு. ஏன்னு யோசிச்சு பார்த்தா, 35 கிராம் மாவுல ஒரு சப்பாத்தி போட்டா 120 கலோரி, மேல ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டா அது ஒரு 40, மூணு சாப்பிட்டா 480. இன்னும் தொட்டுக்க எதுவும் வரல. சோத்துக்கு ரசம் போதும், மோர் போதும், சப்பாத்திக்கு எங்க வீட்ல குருமா இல்லாம யாரும் உட்கார மாட்டாங்க. குருமான்னா தேங்காய், முந்திரி, தாளிக்க நாலு ஸ்பூன் எண்ணெய், உருளைக்கிழங்கு. தேங்காயே 100 கிராம் 350 கலோரிக்கு குறையாது. எண்ணெய் விடாம புல்கா மாதிரி சுட்டு ரெண்டே ரெண்டு, கூட பாசிப்பருப்பு கடைஞ்சதுன்னு சாப்பிட்டா அருமையான சாப்பாடுதான், அதுல சந்தேகமே இல்ல. எங்க வீட்ல அது ஒரு வாரம்தான் நடந்துச்சு.

ஆனா கலோரியைவிட பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு, அதை யாருமே பேசறதில்ல. ராத்திரி ஏழரை எட்டு மணிக்கு வேலை முடிஞ்சு வர்றவ அதை செய்ய முடியுதா, செஞ்சுட்டு உட்கார்ந்து சாப்பிட முடியுதா?

எங்க வீட்ல நான், வீட்டுக்காரர், அத்தை, பத்தாவது படிக்கிற பையன், நாலு பேர். நாலு பேருக்கு 12 சப்பாத்தி. மாவு பிசைய பத்து நிமிஷம், ஊற இருபது நிமிஷம், தேய்ச்சு சுட முக்கால் மணி நேரம். காலைல பிசைஞ்சு ஃப்ரிட்ஜ்ல வச்சா சாயந்திரத்துக்குள்ள மேல கறுத்து தண்ணி விட்டுக்குது, சுட்டா வரட்டி மாதிரி ஆயிடுது. சுடச்சுட போட்டாத்தான் எறங்கும்னு அவங்க மூணு பேரும் தட்டோட உட்கார்ந்திருப்பாங்க, நான் கல்லுக்கும் கட்டைக்கும் நடுவுல நின்னுட்டு இருப்பேன். கடைசி சப்பாத்தி சுட்டு முடிக்கிறப்ப ஒன்பதேகால் ஆயிருக்கும், பசி மீறிப்போய் நின்ன இடத்துலயே ஒண்ணை பிச்சு வாயில போட்டுருப்பேன், பையன் பாதி வச்சுட்டு போனதை வீணாக்க வேண்டாம்னு அதையும் தின்னுருப்பேன், அப்புறம் தட்டு எடுத்து வச்சு கணக்குக்கு ரெண்டு. ஒரு நாள் அத்தை பார்த்துட்டு, "ஏம்மா, நீ உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனை நாளாச்சு?"ன்னு கேட்டாங்க. பதில் சொல்ல முடியல.

டயட்ல இருக்கறவளுக்கு தான் எவ்வளவு சாப்பிட்டோம்னே தெரியாத ஒரு சாப்பாடு இது. நின்னுட்டே தின்னது எதுவும் கணக்குல வராது. அதோட வாரத்துல ரெண்டு நாள் ஆபீஸ்ல லேட்டானா சப்பாத்தி போட தெம்பே இருக்காது, உடனே போன் எடுத்து பரோட்டா ஆர்டர். அஞ்சு நாள் ஒழுங்கா இருந்து சேர்த்ததை ரெண்டு நாள் பரோட்டா கரைச்சுடும். அதனால எந்த சாப்பாட்டு முறைய பத்தி யார் சொன்னாலும் நான் இப்ப கேட்கற ஒரே கேள்வி, அசந்துபோய் வந்த வியாழக்கிழமை ராத்திரி அது நடக்குமா?

சிறுதானியம் இந்த விஷயத்துல சப்பாத்திய விட எவ்வளவோ மேல். அரை மணி நேரம் ஊற வச்சு ஒண்ணுக்கு ரெண்டே கால் தண்ணி விட்டு குக்கர்ல வச்சா ஆச்சு. குதிரைவாலில வெண்பொங்கல், சாமைல தயிர்சாதம், ரெண்டும் எனக்கு இன்னிக்கும் இஷ்டம். நின்னுட்டே சாப்பிடற பிரச்சனை போயிடுச்சு. ஆனா வேற தொல்லை வந்துச்சு. அரிசி எங்க கடைல கிலோ 60 ரூபா, சாமை 120. சில பாக்கெட்ல கல்லு, அரிச்சு அரிச்சு பார்க்கணும். மழைக்காலத்துல ரெண்டு வாரம் டப்பால இருந்தா வண்டு. கம்பு மாவு வாங்கினா அதுல இருக்கிற கொழுப்புனால சீக்கிரமே கசப்படிச்சு காறல் வாடை வந்துடும், கொஞ்சம் கொஞ்சமாத்தான் அரைக்கணும். அத்தைக்கு வரகு தொண்டைல அடைக்குதுன்னு சொன்னாங்க, பையன் தொடவே இல்ல, ஆக அவங்களுக்கு தனியா அரிசி, எனக்கு தனியா சாமைன்னு ரெண்டு குக்கர். ஒரு வீட்ல ரெண்டு சமையல் எத்தனை நாளைக்கு ஓடும்? எடை அந்த அஞ்சு மாசத்துல 73லிருந்து 71 ஆச்சு. அது சாமையாலயா, இல்ல ருசி பழகாம கொஞ்சமா சாப்பிட்டதாலயான்னு கேட்டா ரெண்டாவதுதான்னு எனக்கு தோணுது. ஆனா அஞ்சு மாசம்ங்கறது கம்மிதான், வருஷக்கணக்கா சிறுதானியம் சாப்பிடறவங்க சொல்றதுக்கு என் பேச்சைவிட மதிப்பு அதிகம். பாக்கெட் வாங்கறவங்க ஒண்ணு மட்டும் பாருங்க, வெள்ளை வெளேர்னு இருந்தா அது நல்லா தீட்டினது, நார்ச்சத்துக்காக வாங்கறீங்கன்னா அதுல அர்த்தமில்ல.

இப்ப சோறு. சோத்துல இருக்கிற ஆபத்து என்னன்னா வழுக்கிட்டு போகும். குழம்புக்கு ஒரு ரவுண்டு, ரசத்துக்கு ஒண்ணு, மோருக்கு ஒண்ணு, ஒவ்வொண்ணுக்கும் "இன்னும் கொஞ்சம்". நான் முன்னாடி எவ்வளவு சாப்பிட்டேன்னு தராசு வாங்கினப்பதான் தெரிஞ்சுது, வழக்கமா போட்டுக்கற மாதிரி போட்டு நிறுத்தேன், 380 கிராம். வெந்த சோறு 100 கிராம் 130 கலோரி, ஆக சோறு மட்டுமே 490.

மூணு ரவுண்டையும் விட எனக்கு மனசில்ல, நம்ம சாப்பாடே அதுதானே. அதனால சாதக் கரண்டிய மாத்தினேன். பெரிய அன்னக்கரண்டிய பரண்ல தூக்கி வச்சுட்டு, குழம்புக்கரண்டிய விட சின்னதா ஒரு எவர்சில்வர் கரண்டி, தலை தட்டி அள்ளினா சரியா 50 கிராம் நிக்குது. குழம்புக்கு ஒரு கரண்டி, ரசத்துக்கு ஒரு கரண்டி, மோருக்கு ஒரு கரண்டி. மொத்தம் 150 கிராம், 195 கலோரி. மூணு வேளை விருந்து சாப்பிட்ட மாதிரி மூணு ருசியும் கிடைச்சுடுது.

வயிறு நிறையறது காயாலதான். தட்டுல முதல்ல பொரியலோ கூட்டோ 200 கிராம், அதுல பாதிய வெறும் வாயில சாப்பிட்டுட்டுத்தான் சோத்துல கை வைப்பேன். புடலங்காய் பாசிப்பருப்பு கூட்டு, அவரைக்காய், கோவைக்காய், முட்டைகோஸ், சுரைக்காய், கீரை மசியல். உருளைக்கிழங்கு, சேப்பங்கிழங்கு வறுவல் காய் கணக்குல வராது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல வெளியிட்ட வழிகாட்டில ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கறி சொல்லியிருக்காங்க, ராத்திரியே பாதி வந்துடுது. ஞாயித்துக்கிழமை காலைல காந்தி மார்க்கெட் போய் வாங்கிட்டு வந்து நானும் அவரும் டிவி முன்னாடி உட்கார்ந்து நறுக்கி துணிப்பையில போட்டு ஃப்ரிட்ஜ்ல வச்சுடுவோம், புதன்கிழமை வரைக்கும் தாங்கும், அப்புறம் ஒரு தடவை. கீரைய மட்டும் அன்னன்னிக்கு. கூடவே புரதத்துக்கு அவிச்ச முட்டை ரெண்டு, இல்லன்னா ஒரு கிண்ணம் சுண்டல், மீன் வாங்கின நாள்ல மீன் குழம்பு. குழம்புல இருக்கிற பருப்பு மட்டும் பத்தாது, தண்ணியாத்தானே இருக்கு.

வியாழக்கிழமை கேள்விக்கு வரேன். நான் எட்டரைக்கு வந்தாலும் அவரு ஏழரைக்கே குக்கர்ல அரிசி போட்டு அடுப்பை அணைச்சிருப்பாரு. சப்பாத்தி தேய்க்க தெரியாதவருக்கு சோறு வைக்க தெரியும். நறுக்கின காய் இருக்கு, கடுகு தாளிச்சு ஒரு ஸ்பூன் எண்ணெய்ல வதக்க பதினைஞ்சு நிமிஷம். ரசம் காலைல வச்சது. நாலு பேரும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடறோம், அவங்கவங்களுக்கு வேணுங்கற அளவு அவங்கவங்க போட்டுக்கறாங்க, பையன் மலையா குவிச்சுக்கறான், வளர்ற வயசு, சாப்பிடட்டும். தனி சமையல் கிடையாது. மிச்ச சோத்துல தண்ணி ஊத்தி வச்சா காலைல அத்தைக்கு பழையது, சின்ன வெங்காயத்தோட. மிச்ச சப்பாத்திய என்ன பண்ணுவீங்க? மிச்ச சாமை மறுநாள் உதிர்ந்து காய்ஞ்சு போயிருக்கும். இந்த ஒன்றரை வருஷத்துல ராத்திரி பரோட்டா ஆர்டர் மாசத்துக்கு ஒண்ணு, மிஞ்சினா ரெண்டு. 71லிருந்து 66க்கு கொண்டு வந்தது அதுதான்னு நான் உறுதியா நம்பறேன்.

எல்லாருக்கும் இது பொருந்தும்னு சொல்ல மாட்டேன். எனக்கு சுகர் இல்ல. சுகர் மாத்திரை, இன்சுலின் எடுக்கறவங்க ராத்திரி சோத்தை திடீர்னு குறைச்சா சர்க்கரை ரொம்ப இறங்கிடற ஆபத்து இருக்கு, மருந்து அளவையும் சேர்த்து டாக்டர்கிட்ட பேசிட்டு செய்யுங்க. கைக்குத்தல் அரிசி நாங்க ஒரே ஒரு மூட்டைதான் வாங்கினோம், 10 கிலோ, வேக நேரமாகுதுன்னு விட்டுட்டோம், அதனால அதை பத்தி நான் எதுவும் சொல்றதுக்கில்ல. மதியம் ஆபீஸ் டிபன் பாக்ஸ்லயும் இதே மூணு கரண்டி கணக்குதான், ஆனா அங்க காய் 200 கிராம் வைக்க பாக்ஸ்ல இடம் பத்தல, இப்ப ரெண்டடுக்கு பாக்ஸ் வாங்கி இருக்கேன், கீழ் அடுக்கு முழுக்க காய்.

சப்பாத்திய விட்டுடலை. ஞாயித்துக்கிழமை ராத்திரி போடறோம், பையன் தேய்க்கறான், அவரு சுடறாரு, நான் முதல் ஆளா உட்கார்ந்து ரெண்டு சாப்பிடறேன்.